ஏற்காட்டு பங்களாவில் ஏழு பேரும் பொய் சொல்ல வேண்டும்

ஏற்காட்டில் கொலைக்கதை என்றால் நம்ம ஆட்கள் முதல் பக்கத்திலேயே பனியை இறக்கிவிடுகிறார்கள். பழைய எஸ்டேட் பங்களா, கரன்ட் இல்லை, உள்ளே ஏழு பேர், விடிந்தால் முதலாளி பிணம். அப்புறம் நூறு பக்கத்துக்கு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் 25 வருஷத்துக்கு முந்தைய துரோகம் ஒன்று எங்கிருந்தோ வந்து குதிக்கும். "இதை நான் எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?" என்று வாசகர் கேட்டால் பதில் கிடையாது.

இந்த வகைக் கதையில் கொலைகாரனை ஒளித்துவைப்பது லேசான வேலை. மிச்சம் ஆறு பேருக்கும் கொலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சொந்தப் பொய்யைக் கொடுப்பதில்தான் கதையே இருக்கிறது. நிரபராதி உண்மையைச் சொன்னால் மூன்றாம் அத்தியாயத்தில் கதை முடிந்துவிடும். காரணமில்லாமல் மழுப்பினால் எழுத்தாளர்தான் வாயைப் பொத்தி வைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஏழு பேர்: தம்பி, மகள், மருமகன், கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர், மேஸ்திரி, சமையல்கார அம்மா, பக்கத்து எஸ்டேட்காரர். நாவலுக்கு இது சரியான அளவு. பத்துப் பன்னிரண்டு வாரத் தொடர் என்றால் ஐந்தோடு நிறுத்துங்கள். ஏழு பேரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் அறிமுகப்படுத்தாதீர்கள், ஒருவர் முகமும் மனசில் நிற்காது. ரவி, ரமேஷ், ராஜன் என்று பெயர் வைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல!

எழுத உட்காரும் முன் ஒரு பெரிய சார்ட் பேப்பர் வேண்டும். மாலை 5 மணியிலிருந்து காலை 6 மணி வரை, கால் மணிக்கு ஒரு வரி. ஆளுக்கு மூன்று கட்டம்: உண்மையில் எங்கே இருந்தார், எங்கே இருந்ததாகச் சொல்கிறார், யார் பார்த்தார்கள். முதல் கட்டமும் இரண்டாவதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே ஒரு துப்பு பிறக்கிறது. இது இல்லாமல் எழுதினால் இருபதாவது அத்தியாயத்தில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்பார். அச்சில் வந்த கதைகளிலேயே நிற்கிறார்கள்.

கதவை அடைப்பதிலும் கவனம் வேண்டும். "மலைக்கு ஒரே ரோடு, அதுவும் மண் சரிந்து மூடிவிட்டது" என்று எழுதினால் சேலம் அஸ்தம்பட்டிக்காரர் சிரிப்பார். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் பாதை அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறது. மலையையே மூட வேண்டியதில்லை. எஸ்டேட் கேட்டிலிருந்து பங்களாவுக்குப் போகும் மண் பாதையில் ஒரு சில்வர் ஓக் விழுந்தால் போதும். காற்றுக்குச் சட்டென்று முறியும் மரம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மறுநாள் வெட்டுவாய் சமமாக இருப்பதையும், எங்கும் ஈரமாக இருக்க மரத்துக்கு அடியில் மட்டும் மரத்தூள் காய்ந்து கிடப்பதையும் ஒரே வரியில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மழைக்கு முன்பே யாரோ ரம்பம் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி திருட்டு மரம் விற்கிறார், அவ்வளவுதான். கொலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்த மரத்தைப் பற்றி எது கேட்டாலும் பொய் சொல்வார்.

அடுத்து ரைட்டர். கதை டிசம்பரில் நடக்கட்டும், அராபிகா காப்பி அறுவடைக் காலம். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கும் மெஷினான பல்பரில் போட்டாக வேண்டும், குவித்து வைத்தால் புளித்துக் காப்பியின் தரம் கெட்டுவிடும். ஆகவே சாயங்காலம் பல்பர் சத்தம் எஸ்டேட் முழுக்கக் கேட்கும். அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டதால் எடைப் புத்தகத்தில் 900 கிலோதான். பல்பர் மணிக்கு 600 கிலோ தோல் உரிக்கும் என்பதை முன்பே வேறு ஏதோ பேச்சில் சொல்லி வைத்துவிடுங்கள். ஐந்தரைக்கு ஓட்ட ஆரம்பித்தால் ஏழு மணிக்கு முடிந்திருக்க வேண்டும். ரைட்டர் "ஒன்பது வரைக்கும் பல்பர்கிட்டதான் இருந்தேங்க" என்கிறார். அவர் செய்தது பழத் திருட்டு. கூலி கிலோ கணக்கில் என்பதால் எடைப் புத்தகத்தில் கைவைக்க முடியாது, ஆட்கள் விடமாட்டார்கள். எடை போட்ட பிறகுதான் மூட்டை நகரும். ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ காப்பிக்கொட்டை என்பது கணக்கு. அறுவடை முழுக்கச் சேர்த்து 30,000 கிலோ பழத்துக்கு 5,000 கிலோ வர வேண்டிய இடத்தில் 4,300 என்று இருந்தால் எங்கே போயிற்று என்று வாசகரே கேட்பார்.

கதையின் முடிச்சை இங்கேதான் போட வேண்டும். மருமகன் சொல்கிறார்: "ஒன்பது மணிக்கு பல்பர் நின்னப்பதான் வராந்தாவிலிருந்து எழுந்து உள்ளே வந்தேன்." ஏழு மணிக்கே நின்றுபோன மெஷினின் சத்தத்தை ஒன்பது வரை கேட்டவர் வராந்தாவிலேயே இல்லை. நிரபராதி தன் திருட்டை மறைக்கச் சொன்ன பொய்யைக் காதில் வாங்கி, அதன் மேல் தன் பொய்யைக் கட்டியிருக்கிறார். துப்பறியும் கதைகளுக்கு 1929-ல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, துப்பறிபவர் பார்த்த துப்பை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும் என்பது. எடைப் புத்தகத்தை முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் காட்டிவிடுங்கள், கூலித் தகராறு ஒன்றின் நடுவில் அந்த 900 வரட்டும். அடுத்த பத்தியிலேயே சமையல்கார அம்மா யாரையாவது வெளுத்து வாங்கினால் எண் காதில் விழும், மனசில் தங்காது.

பிணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்து வெயிலுக்குப் பொருந்தும் மரண நேரக் கணக்கை டிசம்பர் ஏற்காட்டுக்கு அப்படியே போடக் கூடாது. குளிரில் உடல் சூடு சீக்கிரம் இறங்கும், ஆனால் விறைப்பு தாமதமாக வந்து நீண்ட நேரம் நிற்கும். கணப்பு எரியும் அறையில் கிடந்த உடலை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டால் இரண்டு கணக்கும் குழம்பும். விஷம் வேண்டாம் என்பது என் கட்சி. உள்ளுறுப்பு மாதிரி தடய அறிவியல் கூடத்துக்குப் போய் அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகும், மூன்று நாள் கதையில் அதுவரை எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டா இருப்பார்கள்? ராத்திரியோடு ராத்திரியாகப் பிரேதப் பரிசோதனையும் வேண்டாம். சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தபோதும் கொலை வழக்குகளைப் பொதுவாக விலக்கியே வைத்தது.

கடைசிக் காட்சி. எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, இன்ஸ்பெக்டர் முன்னால் மருமகன் கதறி ஒப்புக்கொள்வது பார்க்க நன்றாக இருக்கும், கோர்ட்டில் நிற்காது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 23. ஆனால் காவலில் இருக்கும்போது அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் மட்டும் செல்லும். எனவே அழுகையை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, பல்பர் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் பழத்தோலை மண்வெட்டியால் கிளறச் சொல்லுங்கள். மாமனாரின் அலமாரிச் சாவி அதற்குள் இருக்கட்டும்.