குழியை மூடுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

போன வாரம் ஒரு கூட்டத்தில் குழாய்த் திட்டம் ஒன்றின் பிம் (BIM) மொடலை, அதாவது ஒவ்வொரு பாகத்தின் விவரத்தோடும் கணினியில் கட்டிய முப்பரிமாண மாதிரியை, திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். குடிநீர் நீலம், கழிவுநீர் பழுப்பு, மின் கேபிள் சிவப்பு. வால்வைத் தொட்டால் அதன் விட்டம், அழுத்தம் எல்லாம் வந்து விழுகிறது. பார்க்க அழகுதான். எனக்கு மட்டும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் வெட்டிய குழி ஞாபகம் வந்தது.

சில வருடங்களுக்கு முன் அங்கே ஓர் ஒழுங்கையில் புதுக் குழாய் பதித்தோம். மொடலில் மோதல் சோதனை செய்து, எதுவும் எதோடும் முட்டவில்லை என்று அறிக்கை கொடுத்தவன் நான். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இறங்கி அரை மணி நேரம் ஆகவில்லை, பழைய வார்ப்பிரும்புக் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டது. மொடலில் அது தெருவின் மறுபக்கம் கிடந்தது. பழைய வரைபடத்தைப் பார்த்து அங்கே வரைந்ததும் நான்தான். முன்னொரு காலத்தில் வால்வு திருப்பும் வேலை பார்த்த ஐயா ஒருவர் வாசலில் நின்று சொன்னார்: “சேர், என்னட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. அந்த லைன் கோயிலடியில திரும்பி இந்தப் பக்கம் வருது.”

மோதல் சோதனை மொடலுக்குள் இருப்பதை மட்டுமே சோதிக்கும். புதுக் கட்டடத்தில் எல்லாமே நாம் வரைந்தவை, சரி. தெருவுக்கடியில் அப்படியா? கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம நீர்த்தேக்கம் 1886இல் வந்தது. அன்றிலிருந்து ஆளாளுக்குப் புதைத்துக்கொண்டே இருக்கிறோம். வரைபடங்கள் ஆளுக்கொரு அலுமாரியில். பலவற்றில் ஆழமே எழுதியிருக்காது.

ஆள்கூறுகளின் கதை வேறு. இலங்கை நில அளவையின் பழைய கண்டவளைக் கட்டத்தில், ஆள்கூறுகளை எண்ணத் தொடங்கும் புள்ளிக்குக் கொடுத்த எண் 2,00,000 மீட்டர். 1999ஆம் ஆண்டின் புதிய கட்டத்தில் அது 5,00,000. மாற்றாமல் ஏற்றினால் குழாய் இந்து சமுத்திரத்தில் போய் மிதக்கும். அந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும், பயமில்லை. இரண்டு மீட்டர் தள்ளிக் கிடப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

தரையை ஊடுருவும் ராடார் இருக்கிறதே என்பார்கள். ஈரக் களிமண்ணிலும் உப்புநீர் ஏறிய மண்ணிலும் அதன் அலை சீக்கிரம் செத்துவிடும். வெள்ளவத்தை கால்வாய் ஓரத்தில் அதை மட்டும் நம்பி இறங்க நான் தயாரில்லை. கையால் சோதனைக் குழி வெட்டித்தான் பார்க்க வேண்டும். நிலத்தடிக் குழாய், கேபிள்களைக் கண்டறிவதற்காகப் பிரித்தானியாவில் 2014இல் வந்த பாஸ் (PAS) 128 வழிகாட்டியில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு: பதிவேட்டை மட்டும் பார்த்து வரைந்த குழாய்க்கு டி தரம், தோண்டிக் கண்ணால் பார்த்ததற்கு ஏ. நம் மொடலிலும் நிறத்தை இந்தத் தரத்துக்கே கொடுக்கலாம். நீலமும் பழுப்பும் எனக்கு வேண்டாம், எதை நம்பலாம் என்று தெரிந்தால் போதும்.

பிம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பம்ப் நிலையத்துக்குள் அது கொடுத்த காசுக்கு வேலை செய்யும். தெருவில் காசு போக வேண்டிய இடம் வேறு. குழாய் இறங்கியதும், மண் போடுவதற்கு முன், ஒவ்வொரு வளைவிலும் மேல்மட்டத்தை அளந்து மொடலில் ஏற்ற வேண்டும். சில நிமிட வேலை. ஆனால் விடிவதற்குள் ரோட்டைத் திறக்க வேண்டும் என்பார்கள், மூடிவிடுவோம். பிறகு வடிவமைப்பு வரைபடத்தின் தலைப்பை மட்டும் மாற்றி ‘அஸ்-பில்ட்’, அதாவது கட்டி முடித்தபடியே அளந்து வரைந்தது, என்று கொடுப்போம். இந்தத் துறையில் இது தெரியாதவர் யார்?

கொட்டாஞ்சேனைக் குழாயைத் திருத்தி முடிக்கும்போது இரவு ஒரு மணி. மழை வேறு. அளந்தோமா என்று மட்டும் கேட்காதீர்கள்.