மணல்மேட்டின் மேல் சவுக்கு எதற்கு?

ஒவ்வோர் ஆண்டும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 நெருங்கும்போது கடற்கரையில் சவுக்குக் கன்று நடும் படங்கள் முகநூலை நிறைத்துவிடுகின்றன. நடுபவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாகப்பட்டினம் கடலோரத்தில் வளர்ந்தவன் என்ற முறையில், கன்று நடுவதற்காக மணல்மேட்டைப் பொக்லைன் வைத்துச் சமன்செய்வதைக் கரைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மேட்டின் கடல் பக்கச் சரிவில் முதலில் பற்றுவது அடும்பு. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாகக் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் அந்தக் கொடி, காற்று கொண்டுவரும் மணலில் புதைந்தாலும் சாகாமல் மேலெழுந்து படர்வதால், கொடியோடு மேடும் வளர்கிறது. அதற்குத் துணை இராவணன் மீசை என்னும் புல். அதன் முள்பந்து போன்ற காய்ந்த கதிர் தண்டிலிருந்து கழன்று கரை நெடுக உருண்டோடி, மணல் தடுக்கும் இடத்தில் விதையை இறக்கும். சிறுவயதில் அதைத் துரத்திப்போய் முள் வாங்காதவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. சங்கப் புலவர்களுக்கு அடும்பும் தெரியும், மணல்மேட்டை எக்கர் என்று சொல்லவும் தெரியும். நமக்குத்தான் அது வெற்றிடமாகத் தெரிகிறது.

உண்மையில் அது குதிரில் சேர்த்த நெல். புயலின்போது அலை மேட்டை அரித்து எடுத்துச் செல்லும் மணல் கரைக்குச் சற்று அப்பால் திட்டாகப் படிந்து, அடுத்து வரும் அலைகளை அங்கேயே உடைக்கிறது. கடல் அமைதியானதும் அதே மணல் மெல்லத் திரும்பி வருகிறது. மழைநீரை வடித்துச் சேர்ப்பதும் மேடுதான். நன்னீர் கடல்நீரைவிட இலேசானது என்பதால், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பு அண்டாது. மேட்டை வாரி விற்றுவிட்டு, கிணறு உவர்த்துவிட்டது என்று அழுவதில் பொருளில்லை.

2004 ஆழிப்பேரலையில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயர்ந்த மேடு மறித்த இடங்களில் நீரின் வேகம் தணிந்ததும், மேடு உடைந்திருந்த வாய்களின் வழியே அது ஊருக்குள் பாய்ந்ததும் இங்கே பலரும் கண்டவை. இலங்கையின் யாலப் பகுதியில், கடல் நன்றாகத் தெரியவேண்டும் என்று முன்னிருந்த மேட்டைக் குறைத்திருந்த ஒரு விடுதி அடியோடு அழிந்தது. அதன் பிறகும் நாம் செய்தது, எஞ்சிய மேடுகள் சிலவற்றை நிரவிச் சவுக்கு வரிசை போட்டதுதான். சவுக்கின் நிழலிலும் உதிர்ந்த சருகிலும் அடும்பு தழைப்பதில்லை. கடலை ஒட்டி நட்டுவிட்டால், முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைக்குக் குழி தோண்ட வெட்டவெளியும் கிடைப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மணல்மேட்டைச் சிதைப்பதற்கு 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே தடை உண்டு. 2011, 2019 அறிவிக்கைகள் மணல்மேட்டை மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கின்றன. மீட்பதற்கும் பெரிய செலவில்லை. படகு இறக்கும் வழிகளை மீனவர்களைக் கேட்டு விட்டுவிட்டு, மற்ற இடங்களில் வண்டி ஏறாமல் மறித்து, காற்றுக்குக் குறுக்கே கீற்றுத் தட்டி கட்டி, மணல் சேரச் சேர அடும்புத் துண்டுகளை ஊன்றினால் போதும். விறகுக்கும் கழிக்கும் சவுக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதை மேட்டுக்குப் பின்னால், ஊர்ப் பக்கம் நடலாம். அங்கே இடம் இருக்கிறது.