பழைய ராணுவ டின்னைத் தின்று பார்க்க வேண்டாம், தின்றவரைக் கேளுங்கள்

வியட்நாம் போர்க் காலத்து டின்னைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தட்டில் கொட்டி, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் தின்றும் காட்டும் வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. நான் அவற்றை விரும்பிப் பார்க்கிறவன். அவர்கள் வேலைவெட்டி இல்லாமல் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்க்குக் கொடுத்த ‘கே ரேஷன்’ எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்ததே இந்த ஆட்களால்தான். காலை, மதியம், இரவு என்று வேளைக்கு ஒரு பெட்டி. அதற்குள் சின்ன டின்னில் இறைச்சியோ சீஸோ, பிஸ்கட், சர்க்கரை, காபித்தூள், சூயிங்கம், நாலு சிகரெட். மெழுகு பூசிய உள்பெட்டியைக் கொளுத்தினால் காபிக்குத் தண்ணீர் சுட வைத்துக்கொள்ளலாம். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவன் பதுங்குகுழியில் உட்கார்ந்து என்ன தின்றான் என்பது அப்படியே மேஜைமேல் விரிகிறது. அது சரித்திர வேலை.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். என் தங்கை மகன் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான். போன கோடையில் வந்து நின்றான்: “மாமா, ஏற்காட்டுல பெரிய மாமாகிட்ட மிலிட்டரி டின்னு இருக்குதாமே, ஒண்ணு ஒடச்சு சாப்பிட்டுப் பாத்து வீடியோ போடலாமா?”

பெரிய மாமா என்று அவன் சொல்வது என் பெரியப்பா மகனை. ராணுவத்தில் சப்ளை பார்க்கும் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸில் இருந்து ஓய்வு பெற்று, நாகலூர் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்துக்கொண்டு இருக்கிறார். சியாச்சின் பனிமலைப் போஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு ஏற்றி அனுப்பும் வேலையையும் பார்த்தவர், அந்தச் சாப்பாட்டையே மேலே போய்த் தின்றவர்.

இரண்டு பேரும் போனோம். வெள்ளை பெயிண்டில் நம்பரும் பேரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கம்பளிக்கு அடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இரண்டு டின்னும் இருந்தன. ஒரு டின்னின் மூடியைக் கட்டைவிரலால் அமுக்கினார். டொக்கென்று உள்ளே போய், விரலை எடுத்ததும் மறுபடி எழும்பியது. “இது வேண்டாம் மாப்ள, தொடாத” என்று அதைத் தனியே தள்ளிவைத்தார். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். பொன்நிறமாக இருந்திருக்க வேண்டியது, கருப்பட்டி நிறத்துக்குப் போயிருந்தது. ஓரம் உடைந்து தூளாக இருந்தது. பிரித்த உடனே கடலையெண்ணெய் காறிப்போன வாடை. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தவர் உடனே துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்.

“அப்ப இப்படியே இருக்காது தம்பி. டால்டா வாசம் மூக்கத் தூக்கும். ஆனா மேல போனா கல்லாட்டம் ஆயிடும், பல்லே எறங்காது. ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சோட வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கடிப்போம். பசியும் எடுக்காது. சாப்பிடுன்னு ஒருத்தன ஒருத்தன் அதட்டோணும்.”

நான் சொல்ல வருவது இதைத்தான். அந்தப் பாக்கெட்டை நாங்கள் இரண்டு பேரும் முழுசாகத் தின்றிருந்தாலும் இதில் ஒரு வரி தெரிந்திருக்காது. நாக்குக்குக் கிடைப்பது கெட்டுப்போன கொழுப்பின் ருசி. அன்றைக்கு அந்தச் சிப்பாய்க்குக் கிடைத்த ருசி அதில் இல்லை.

உணவு கெடுவதில் வருஷத்தைவிடச் சூடு பெரிய எதிரி. பிரித்து அப்படியே தின்னும்படி அமெரிக்க ராணுவம் இன்று கொடுக்கும் எம்.ஆர்.இ. என்ற சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அவர்களே வைத்திருக்கும் கணக்கு, 27 டிகிரி செல்சியஸில் 3 வருஷம், 38 டிகிரியில் வெறும் 6 மாதம். நம்ம சேலத்தில் ஏப்ரல், மே வந்தால் வெளியிலேயே 38-ஐத் தாண்டுகிறது. அம்மாபேட்டையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுப் பரணில் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் வந்த இரண்டு பாக்கெட்டில் ஒன்று 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டிலும், இன்னொன்று கீழே டவுனிலும் இருந்தால், பத்து வருஷம் கழித்து அவை இரண்டும் வேறு வேறு பண்டம். கொழுப்பு காறும், பால்பவுடர் பழுப்பாகும், வைட்டமின் சி போய்விடும். அதைத் தின்றுவிட்டு ‘சிப்பாய்கள் இதைத்தான் தின்றார்கள், பாவம்’ என்று சொல்வது சமைத்தவருக்கும் அநியாயம், தின்றவருக்கும் அநியாயம்.

ஆபத்து அதைவிடப் பெரிது. காற்றுப் புகாத டின்னுக்குள் வளர்வதற்கென்றே ஒரு கிருமி இருக்கிறது, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். புளிப்பு இல்லாத இறைச்சி, பருப்பு, காய்கறி டின்கள் அதற்குத் தோதான இடம். அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாகாது. அதற்காகத்தான் டின் தொழிற்சாலைகளில் அழுத்தம் கொடுத்து 121 டிகிரிக்குச் சூடேற்றுகிறார்கள். அந்த வேலையில் குறை இருந்தாலோ, மூட்டு துருப்பிடித்து விட்டுப்போனாலோ உள்ளே விஷம் சேரும். முகர்ந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, டின் உப்பித்தான் இருக்கும் என்றும் இல்லை. அதைத் தின்றால் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் பார்வை இரட்டையாகும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் நிற்கும். “நல்லா கொதிக்க வெச்சுட்டா?” என்று மருமகன் கேட்டான். பத்து நிமிஷம் கொதித்தால் அந்த விஷம் சிதையும் என்பது உண்மைதான். அதை நம்பி ஒரு வீடியோவுக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல என்னால் முடியாது. பழைய டின்களின் மூட்டுகளைக் காரீயம் கலந்த பற்றாசால் ஒட்டியிருப்பார்கள், அது உணவில் இறங்கியிருந்தால் கொதிக்க வைத்து என்ன பயன்?

பழைய டின் கெடாது என்பதற்கு, 1865-ல் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் மூழ்கிய பெர்ட்ராண்ட் நீராவிப் படகை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 1968-ல் கண்டெடுத்தார்கள், அதிலிருந்த பீச் பழம், சிப்பி, தக்காளி டின்களை 1974-ல் சோதித்தபோது கிருமி வளர்ச்சி இல்லை. சரி. அவை நூறு வருஷம் வண்டலுக்கு அடியில் குளிர்ச்சியாகக் கிடந்தவை. சோதித்தது ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர்கள். பரணில் வெந்த டின்னுக்கு அது சாட்சி ஆகாது.

எனக்கு உண்மையான ஆதங்கம் வேறு. கே ரேஷனில் எத்தனை சிகரெட் என்று சேலத்தில் உட்கார்ந்து என்னால் சொல்ல முடிகிறது. நம்ம ஊர்ப் பையன் லடாக்கிலும் அஸ்ஸாம் காட்டிலும் என்ன தின்றான் என்று சொல்ல முடிகிறதா? முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களுக்குத் தனி ரேஷன் இருந்தது: ஆட்டா, பருப்பு, நெய், வெல்லம், இஞ்சி, மஞ்சள், மிளகாய். அதே போரில் இன்றைய இராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கூட் என்ற ஊரில் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையில், குதிரைக் கறி தின்ன மறுத்த இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். அவர்கள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் விழுந்தார்கள். வெள்ளைமாவு ரொட்டி தின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்தது. 1916 ஏப்ரல் 29-ல் சரணடைய வைத்தது பட்டினிதான். சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தப் போரை எப்படி எழுதுவது?

சியாச்சினும் அப்படித்தான். ஏற்காட்டிலேயே தண்ணீர் சுமார் 95 டிகிரியில் கொதித்துவிடும். ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டரில் அது 80-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. டின்னும் பொட்டலமும் அங்கே சோம்பலுக்கு வந்த வசதி இல்லை. மைசூரில் 1961-ல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் இந்தச் சிக்கல்களுக்காகவே உழைத்துவரும் இடம். சூடுபண்ணினால் போதும் என்ற உப்புமாவும் புலாவும், மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தியும் சிப்பாய்க்காக அங்கே உருவானவை. இங்கிருந்து மேட்டூர் வழியாகப் பஸ் ஏறினால் ஒரு பகல் தூரம்தான். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அதன் பேர் தெரியும்?

அதனால் வீட்டில் பழைய ராணுவப் பாக்கெட் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லேபிள், தேதி, லாட் நம்பர், நாலு பக்கமும் படம் எடுங்கள். காய்ந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உப்பிய டின், ஒழுகும் டின் இருந்தால் துளை போடவே கூடாது, பீய்ச்சி அடிக்கும். இரண்டு பையில் இறுக்கிக் கட்டி, குழந்தையும் நாயும் எடுக்காதபடி அப்புறப்படுத்துங்கள்.

அப்புறம் அந்த ரேஷனைத் தின்ற மனிதரை உட்காரவைத்து போனில் பதிவு செய்யுங்கள். வீரதீரக் கதையை அவர் ஏற்கெனவே பத்துத் தடவை சொல்லியிருப்பார். லங்கரில், அதாவது ராணுவச் சமையல்கூடத்தில், காலையில் என்ன போட்டார்கள், எந்த டின் முதலில் காலியாகும், எதை யாரும் தொடாமல் தள்ளுவார்கள் என்று கேளுங்கள். அடுப்பு எது, மண்ணெண்ணெய் எவ்வளவு கிடைத்தது, வீட்டிலிருந்து போன ஊறுகாயை எத்தனை பேர் பங்கு போட்டார்கள், மூணு வேளையும் ரொட்டியே வந்த நாட்களில் ஒரு பிடி சோற்றுக்கு யாரிடம் எதைக் கொடுத்து மாற்றிக்கொண்டார் என்று கேளுங்கள்.