கம்பெனி வக்கீலுக்கு ஒரு வக்காலத்து

மருந்து கம்பெனிக்காகவோ ரசாயன கம்பெனிக்காகவோ ஆஜராகிறார் என்றாலே அந்த வக்கீல் நம் ஆட்கள் கண்ணில் கைக்கூலிதான். தீர்ப்பு வரும்வரைகூடப் பொறுப்பதில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம், பெண்டெக்டின்.

மசக்கை வாந்திக்கு 1956-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாத்திரை அது. 3 கோடிக்கும் அதிகமான பெண்கள் சாப்பிட்டார்கள். கைகால் குறையோடு குழந்தை பிறந்த பெற்றோர் பலர், மாத்திரைதான் காரணம் என்று வழக்குப் போட்டார்கள். அவர்கள் வேதனையில் பொய்யில்லை. ஆனால் எந்த மாத்திரையும் சாப்பிடாத தாய்மாருக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறக்கத்தான் செய்கின்றன. 3 கோடிப் பேருக்கு வெறும் சர்க்கரை உருண்டையைக் கொடுத்திருந்தாலும், 'அதைச் சாப்பிட்டேன், இப்படி ஆகிவிட்டது' என்று சொல்ல லட்சக்கணக்கான அம்மாக்கள் இருந்திருப்பார்கள். இந்தக் கணக்கைக் கோர்ட்டில் எழுந்து யாராவது சொல்லியாக வேண்டுமே! அந்தக் குழந்தை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிப் பாருங்கள், தெரியும்.

1985-இல் சின்சினாட்டியில் நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சேர்த்து விசாரித்த நீதிபதி கார்ல் ரூபின், குறை வெளியே தெரிகிற குழந்தைகளை விசாரணை அறைக்குள் விடவில்லை. மாத்திரையால் குறை வந்ததா என்ற ஒரே கேள்வியை ஜூரிமுன் வைத்தார். நிரூபணமாகவில்லை என்றது ஜூரி. பாதிக்கப்பட்டவர்களையே வெளியே நிறுத்துவதா என்று கேட்கலாம். கொடுமைதான். ஆனாலும் அவர் செய்தது சரி என்றே படுகிறது.

ஜெயித்து என்ன பயன்? வழக்குச் செலவு தாங்காமல் 1983-லேயே கம்பெனி மாத்திரையை நிறுத்திவிட்டது. 1993-இல் இதே மாத்திரை பற்றிய டாபர்ட் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனபோது, 1,30,000 பேருக்கு மேல் உள்ளடக்கிய முப்பதுக்கும் அதிகமான ஆய்வுகளைக் கம்பெனி தரப்பு காட்டியது; மாத்திரையால் குறை வந்ததாக எதிலும் இல்லை. இந்த மாத்திரைக்கு எதிராக முன்பு கோர்ட்டில் சாட்சி சொன்ன வில்லியம் மெக்பிரைடு யார் தெரியுமா? கருவிலேயே குழந்தைகளை ஊனமாக்கிய தாலிடோமைடு மாத்திரையின் ஆபத்தை உலகுக்குச் சொன்ன அதே ஆஸ்திரேலிய மருத்துவர். வேறொரு மருந்து பற்றிய ஆய்வில் தரவுகளைத் திரித்ததற்காக அதே 1993-இல் அவருடைய மருத்துவப் பதிவு ரத்தானது. கம்பெனியும் புனிதர் இல்லை. தாலிடோமைடை அமெரிக்காவில் விற்கத் துடித்த அதே மெரல் கம்பெனிதான் இது. இந்த வழக்கில் மட்டும் நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது.

அதே மருந்துக் கலவை, டாக்சிலமினும் பி6 வைட்டமினும், 2013-இல் வேறு பெயரில் அமெரிக்காவில் மீண்டும் அனுமதி பெற்றது. நம்மூரில் மசக்கைக்கு டாக்டர்கள் எழுதித் தருவதும் பெரும்பாலும் இதைத்தான். இடையில் முப்பது வருஷம் அமெரிக்கப் பெண்கள் அனுமதி பெற்ற மாத்திரை ஒன்றுகூட இல்லாமல் வாந்தியெடுத்துக் கிடந்தார்கள்.

அப்புறம், 'போபாலை மறந்துவிட்டாயா' என்று யாராவது வருவீர்கள். மறக்கவில்லை. அங்கே ஆலையிலிருந்து கசிந்த விஷவாயுதான் கொன்றது என்பதில் சந்தேகமே இல்லை. யூனியன் கார்பைடு வாதாடியது, அமெரிக்காவில் விசாரிக்காதே, இந்தியாவுக்கு அனுப்பு என்று. அப்புறம் நாசவேலை என்று. 1989-இல் 47 கோடி டாலரோடு கணக்கு முடிந்தது. ஆதாரம் எங்கே என்று கேட்கிற வக்கீலுக்குத்தான் நான் வக்காலத்து வாங்குகிறேன். கோர்ட்டை விட்டுக் கோர்ட் தாவ வழி சொல்லித் தந்தவருக்கு இல்லை.