ஆந்தூரியம் அல்லி இனமல்ல, குழந்தைக்கு ஆபத்தில்லாததும் அல்ல

“ஆந்தூரியம் அல்லி வகை, விஷமில்லை, குழந்தை கடித்தாலும் ஒன்றும் ஆகாது” என்று பெங்களூரு தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஆந்தூரியம் என்ற இந்த அழகுச் செடி, சேம்பு, சேனைக்கிழங்கு இருக்கும் அரேசியே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் பேரினத்தை 1829-இல் வகைப்படுத்தியவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஷாட். வீடுகளில் அதிகம் வளரும் சிவப்பு வகையின் பூர்வீகம் கொலம்பியா, ஈக்வடார். பளபளக்கும் அந்தச் சிவப்பு மடல் பூவிதழே இல்லை, உருமாறிய இலை. நடுவில் நிற்கும் தண்டைக் கிட்டத்தில் பாருங்கள், பொடிப்பொடியாக நெருங்கியிருக்கும் புள்ளிகள்தான் உண்மையான பூக்கள்.

அப்புறம் விஷம். சேனை நறுக்கினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. மென்றால் நாக்கும் உதடும் எரியும், வீங்கும். உயிருக்கு ஆபத்தாவது அபூர்வம்தான். ஆனாலும் தவழும் பிள்ளையிருக்கும் வீட்டில் இப்படியொரு செய்தியைப் பரப்புவது சரியே இல்லை. பூனை, நாய்க்கும் இதே தொல்லை வரும்.

குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, தண்ணீரோ குளிர்ந்த பாலோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். செடியைத் தூக்கி எறிய வேண்டாம், எட்டாத உயரத்தில் வையுங்கள்.