நாகப்பட்டினத்துக்காரருக்கு எதற்கு லிட்டில் இந்தியா?

சென்ற மாதம் ஊரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் சுற்றுலாக் குழுவோடு சிங்கப்பூருக்கு வந்திருந்தார்கள். தங்கல் ஹோட்டலில். என் மூவறை வீட்டில் யாரை எங்கே படுக்க வைப்பது என்ற கவலை தீர்ந்ததால் அந்தக் குழுவுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

கடைசி நாள் அவர்களுக்கு ஓய்வு. காலையில் நான் போனபோது சித்தப்பா, விருந்தினருக்கு ஊர் சுற்ற வழிசொல்லும் கன்சியர்ஜ் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் சிரித்த முகத்தோடு ஓர் இளைஞர். சித்தப்பாவைப் பார்த்தார், சித்தியின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார், வரைபடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். லிட்டில் இந்தியா, நம்மவர் கடைகள் நிறைந்த வட்டாரம். பக்கத்திலேயே இன்னொரு வட்டம், சைவ உணவகம். மீன் இல்லாமல் சித்தப்பாவுக்குச் சோறு இறங்காது என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

“ஏனப்பா, மல்லிகைப்பூவும் இட்லியும் பார்க்கவா விமானம் ஏறி வந்தேன்?” என்று சித்தப்பா என்னிடம் திரும்பினார்.

லிட்டில் இந்தியா மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வாரம் ஒரு தடவை அங்குள்ள தேக்கா சந்தைக்குப் போகாவிட்டால் எனக்கு வாரமே முடியாது. ஜெர்மனியிலிருந்து வருகிறவரை அங்கே அனுப்புங்கள், மகிழ்ந்து போவார். நாகப்பட்டினத்திலிருந்து வருகிறவரை அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. நம் முகத்தைக் கண்டதும் இந்த ஊர் ஹோட்டல்களில் பேனா தானாகவே லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓடுவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

கோட்டின் மடிப்பில் குறுக்காக இரண்டு பொற்சாவிகள் அணிந்த கன்சியர்ஜுகளும் உண்டு. 1929இல் பாரிஸில் தொடங்கிய சங்கத்தின் சின்னம் அது. சாவி அணிந்தவரோ அணியாதவரோ, எந்த ஊர், முட்டி வலி உண்டா, என்ன சாப்பிடுவீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தால் போதும். வரைபடத்தில் வட்டம் போட ஆள் எதற்கு? கைப்பேசியே போடும்.

அவர்களை டவுன்டவுன் தடத்து ரயிலில் தெலுக் ஆயருக்கு அழைத்துப் போனேன். வானளாவிய அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய தெரு. சிறிது தூரம் நடந்ததும் சித்தப்பா நின்றுவிட்டார். எதிரே, அடுக்கடுக்காக எழும் மினாராக்களோடு நாகூர் தர்கா.

“அடியே, நம் நாகூர்!”

என் தங்கைக்கு முதல் மொட்டை போட்டது நாகூரில்தான். கந்தூரிக்குப் போகாத வருடம் சித்திக்கு நினைவில்லை. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலேயே கும்பிட்டார்கள். 1828 முதல் 1830 வரை தமிழ் முஸ்லிம்கள் கட்டிய இடம் இது, இப்போது உள்ளே இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இருக்கிறது. நாலெட்டில் கடல்தெய்வம் மாசுவுக்குச் சீனர்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். ஓலைக் குடிசையாக 1827இல் தொடங்கியதால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று தமிழிலேயே ஒரு பெயர் உண்டு. கரையேறியவர்கள், பிழைத்து வந்ததற்கு அவரவர் சாமிக்கு நன்றி சொன்ன தெரு.

“கரையேறினார்களா? கடல் எங்கே?” என்றார் சித்தப்பா.

இந்தத் தெருதான் அப்போது கடற்கரை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தூர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்றேன். கட்டடங்களை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். 2004 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற மனிதர் அவர்.

“எங்கள் ஊரில் கடல் உள்ளே வந்தது. இங்கே கடலையே துரத்தியிருக்கிறார்கள்.”

மதியம் பக்கத்திலேயே அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையம். அலுவலகக் கூட்டம் மொய்க்கும் நேரம். இடம் கிடைக்காது என்று பயந்துகொண்டே மீன் பீஹூன் என்ற அரிசிச் சேமியா சூப் வாங்கி வந்தால், சித்தியும் சித்தப்பாவும் நடுக்கூடத்தில் ஒரு மேசையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். புளியும் இல்லை, காரமும் இல்லை என்று முணுமுணுத்தாலும் சித்தப்பா கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

மாலையில் பெட்டி கட்டும்போது சித்தியின் கைப்பையிலிருந்து பிரிக்காத டிஷ்யூ பொட்டலம் ஒன்று விழுந்தது.

“சாப்பிட்ட மேசையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தேடி வந்தால் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன், யாரும் வரவில்லை” என்றார்.

மேசையில் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடத்தை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று பொருள். இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சித்தியிடம் அந்தக் கன்சியர்ஜும் சொல்லவில்லை, இருபது வருடமாக இங்கே இருக்கும் நானும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் மேசையையே இரண்டு முறை சுற்றிவந்த அந்த வெள்ளைச் சட்டைக்காரர் இப்போதுதான் நினைவுக்கு வருகிறார்.