இருந்தார்களாம்

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் பகிர்ந்தும் விட்டீர்கள். சயாம் மரண ரயிலை, அதாவது சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் கைதிகளையும் மலாயா ரப்பர் தோட்டத்து நம் ஆட்களையும் கொண்டுபோய்ச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட பாதையைப் பற்றி, பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார். 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 மழையில் வந்த காலரா, அந்த அக்டோபரில் பாதை இணைந்தது, எல்லாம் சரி. அப்புறம் ஒரு வரி சொன்னார் பாருங்கள். "ஆண்கள் ரயிலுக்குப் போனார்கள், பெண்கள் தோட்டத்தில் இருந்தார்கள்."

இருந்தார்களாம்.

முதலில், அதுவே தப்பு. பெண்களும் பிள்ளைகளும்கூட அந்த ரயிலுக்குப் போயிருக்கிறார்கள். குடும்பத்தோடு கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். நாற்பது நிமிடம் பேசத் தயார் செய்தவருக்கு இது கண்ணில் படவில்லையா? சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது தோட்டத்தில் "இருந்தவர்களை"ப் பற்றி.

என் அப்பாயி இருந்தது. 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியபோது அதற்குப் பதினேழு வயது. ஜப்பான்காரன் வந்தபோது மூன்று பிள்ளைகள். 1943இல் ஒரு நாள் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில், நின்ற தாத்தாவை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்களாம். தாத்தா சட்டைகூட மாற்றவில்லை. அதோடு சரி.

அப்புறம் அப்பாயி "இருந்தது". ரப்பரை வாங்கக் கப்பல் இல்லை, அதனால் பால்வெட்டு இல்லை, சம்பளம் இல்லை. பர்மா அரிசி, சயாம் அரிசி நின்றுபோய் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. சேலை கிழிந்த பிறகு சாக்கு. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கிடையாது. அப்படி ஒரு காய்ச்சலில்தான் நடுப்பிள்ளை, என் அத்தை, போனது. மூன்று வயது. அப்பாயியும் பக்கத்து வீட்டுக் கிழவரும் தூக்கிக்கொண்டு போய் ஒரு நிரையின், அதாவது ரப்பர் மர வரிசையின், ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தார்கள். தூக்க வேறு ஆம்பளை லயத்து வீடுகளில் இல்லை. ரயிலுக்குப் போயிருந்தார்கள்.

ஊரில் இருந்த தன் தாய்க்குச் சொல்லலாம் என்றால் தபால் இல்லை. 1946இல்தான் ஊர்க் கடிதம் வந்தது. அந்தத் தாயும் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடிதத்தை வாசித்துச் சொன்ன தோட்டத்து எழுத்தர், கிராணி, சரியாக வாசித்தேனா என்று இன்னொரு முறை பார்த்தாராம். தாத்தாவைப் பற்றி எந்தக் கடிதமும் வரவில்லை. செத்தார் என்று யாரும் சொல்லாததால் அப்பாயி பொட்டை அழிக்கவில்லை. அதற்கும் லயத்தில் பேச்சு வாங்கியது.

"ஒரு வரிக்கு இவ்வளவு பெரிய பதிவா சிஸ்டர்?" என்று வருவீர்கள், தெரியும். ஆமாம். அந்த ஒரு வரிதான் எங்களுக்குக் கிடைத்தது.

"ரயிலில் செத்தவர்களோடு ஒப்பிடலாமா?" நான் ஒப்பிடவே இல்லை. தாத்தாவும் என் தாத்தாதானே? ஆனால் நாம் வருஷா வருஷம் என்ன குறை சொல்கிறோம்? வெள்ளைக்காரக் கைதிகளில் செத்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் என்று கணக்கு இருக்கிறது, சயாமில் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர் கல்லறையில் படுத்திருக்கிறார்கள், நம் ஆட்களுக்குப் பெயர் போட்ட கல்லறைக் கல்லும் இல்லை சரியான கணக்கும் இல்லை என்கிறோம். நியாயமான குறை. அதையே மேடையில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் லயத்தில் செத்தவர்களை "இருந்தார்கள்" என்று மூடிவிட்டால் அதற்குப் பெயர் என்ன?

"ஏன், நேதாஜியின் ஜான்சி ராணிப் பெண்கள் படை இல்லையா? தோட்டத்துப் பெண்கள் போய்ச் சேரவில்லையா?" சேர்ந்தார்கள். பெருமைதான். அங்கே சீருடை இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, பதாகையில் போட்டால் அழகாக இருக்கும். சாக்கைச் சுற்றிக்கொண்டு கிழங்கு தோண்டியவளை எந்தப் பதாகையில் போடுவீர்கள்?

"ஆதாரம்?" என்றும் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது ஐயா. மன்னியுங்கள்.

சண்டை முடிந்து தோட்டம் மறுபடி திறந்ததும் கங்காணி அப்பாயிக்கு ஒதுக்கியது அந்த நிரையைத்தான். தெரிந்து கொடுத்தாரோ தெரியாமலோ. மாற்றிக் கேட்கச் சொன்னார்களாம், அப்பாயி கேட்கவில்லை. பிள்ளையைப் புதைத்த மரத்தடியில் தினமும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து, பட்டையில் கோடு போட்டு, பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறது, வருஷக்கணக்காக. அப்புறம் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். அப்பா ஒருமுறை என்னைக் கூட்டிப்போய் இங்கேதான் என்று காட்டினார். கொஞ்சம் தள்ளிப்போய், இல்லை, இங்கே என்றார்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பேச்சாளரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அத்தையின் பெயர் எனக்குத் தெரியாது. நேற்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டியவர், அப்போது கைக்குழந்தை. வெகுநேரம் யோசித்தார்.

"பாப்பான்னுதாம்மா சொல்லுவாங்க" என்றார்.